தங்கபுஷ்பத்துக்குச் சேர வேண்டிய மழை

தவசிமுத்து தன் முன்னாள் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் நாற்பது மில்லிமீட்டர் மழையை ஜீவனாம்சமாகக் கொடுத்துவர வேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டது. மழை எதிர்மனுதாரரின் வீட்டுக்கு மேலிருந்து எடுக்கப்பட்டு, மனுதாரர் குடியிருக்கும் இடத்தில் பெய்ய வேண்டும். தவறினால் பிடிவாரண்டு.

இப்படி ஓர் உத்தரவு வந்ததற்குத் தங்கபுஷ்பம்தான் காரணம். விசாரணையின்போது நீதிபதியம்மா எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டார். "கல்யாண வாழ்க்கையில அந்த வீட்டுல அனுபவிச்ச வசதி என்ன? இனிமே கிடைக்காதுன்னு நீ நெனைக்கிறது எது? உள்ளதைச் சொல்லும்மா." அவளுக்கு முந்தின வழக்குக்காரி குளிர்சாதனப் பெட்டி, கார், வருஷத்துக்கு ஒரு குற்றாலம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தங்கபுஷ்பம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பத்தொன்பது வருஷத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தவளைப்போலச் சொன்னாள்.

"பின்தாழ்வாரத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கெடக்கும்மா. மழை பெஞ்சா அதுல உக்காந்து பாப்பேன். அந்நேரம் மட்டும் யாரும் என்னைய எதுக்கும் கூப்பிட மாட்டாவ."

நீதிபதியம்மா தட்டச்சரைப் பார்த்து, "மழை" என்றார். நாற்காலி தவசிமுத்துவின் அப்பா வாங்கியது என்பதால் அது அவனிடமே இருந்துவிட்டது.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்ததும் தவசிமுத்து அவளிடம், "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு அத்தான்" என்றாள் அவள். அவன் அவளுடைய சொந்த அத்தை மகன். விவாகரத்து புருஷனை மட்டும்தான் நீக்கும். அத்தானை நீக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை.

தங்கபுஷ்பம் கடற்கரையோரத் தெற்கோடைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே உப்பளச் சங்கத்தில் எட்டுப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தாள். பாத்திக்கரையிலேயே ஓலைக்கூரை போட்ட ஒரு அறை இருந்தது. அதுதான் முகவரி. குத்தகைக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஜூன் மாதக் கடைசிக்குள் முதல் உப்பைக் குவித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பாத்திகள் பட்டியலில் அடுத்திருக்கும் பெயருக்குப் போய்விடும். நாற்பத்தேழு வயதில் முதன்முறையாக அவள் பெயரில் எட்டுச் சதுரமாக ஏதோ ஒன்று இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் அவள் முதலில் அவற்றை எண்ணிப் பார்ப்பாள். எட்டும் இருக்கும்.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு அமீனா இசக்கிப்பாண்டி மொபெட்டில் வந்தார். கோர்ட்டு உத்தரவுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வைப்பதும் அவர் வேலை. அவருக்குப் பின்னால் மின்கம்ப உயரத்தில், மொபெட்டின் வேகத்துக்கே, ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. பாத்திக்கரைப் பாதையின் வேகத்தடையில் மொபெட் குலுங்கியபோது அதுவும் ஒரு குலுங்கு குலுங்கியது.

"தங்கபுஷ்பம் யாரும்மா? இங்க ஒரு கையெழுத்து. மழை வாங்குமுன்னயே போட்டுரணும். பொறவு தாள் நனைஞ்சிரும்."

"எவ்வளவு நேரம் பெய்யும் அண்ணாச்சி?"

"நாப்பது மில்லிமீட்டர். ஒண்ணரை மணி நேரம் வச்சுக்கோ. அளவு குறைஞ்சா சொல்லு, எழுதிக்கிடுதேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அமீனா மழைமானியை வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மொபெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார். மழை அவளுடைய எட்டுப் பாத்திக்கும் கூரைக்கும் மட்டும் பெய்தது. பக்கத்துப் பாத்தியில் வெயில் அடித்தது. தங்கபுஷ்பம் வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. எப்படியும் அது ஊருக்கே மழைக்காலம். டிசம்பரிலும் ஜனவரியிலும் அப்படியே வந்தது, ஒருநாள்கூடத் தப்பாமல்.

பிப்ரவரியில் வெயில் ஏறியது. பாத்திகளைக் காலால் மிதித்து மிதித்துத் தளம் இறுக்கினாள். உப்புத் தண்ணீர் பாய்ச்சினாள். உப்பு பூக்க நாற்பது நாள் வெயில் வேண்டும். மாதத்துக்கு முப்பது நாள்தான் இருந்தது. மார்ச் ஐந்தாம் தேதி தண்ணீரின் மேல் மெல்லிய ஆடைபோல உப்பு படியத் தொடங்கியிருந்தபோது, வேகத்தடையில் மேகம் குலுங்குவது தெரிந்தது.

"அண்ணாச்சி, இந்த மாசம் வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லலாம் தாயி. ஆனா மறுத்தா வாங்குனதாத்தான் கணக்கு."

"நான் வீட்டுல இல்லைன்னு எழுதிட்டுப் போங்க."

"அதுக்கும் வழி இருக்கு. கதவுல ஒட்டிட்டுப் போயிருவேன்."

ஏப்ரல் ஐந்தாம் தேதி அவள் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கதவில் தாள் ஒட்டியிருந்தது. மேகம் கூரையில் சாய்ந்துகொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. அவள் பூட்டைத் திறந்ததும் பெய்யத் தொடங்கியது.

வக்கீல் மெர்லின் சின்னப் பெண். தங்கபுஷ்பத்தின் கோப்பைத் திறந்து, ஈரமாக இருந்த பக்கங்களை விசிறிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, மூணு வழி இருக்கு. சூழ்நிலை மாறிட்டுன்னு மனு போடலாம். ஆனா கேஸ் எடுக்க ரெண்டு வருஷம் ஆவும்."

"எனக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு வக்கீலம்மா."

"அப்போ மறுகல்யாணம். பத்திரிகை அடிச்ச அன்னைக்கே ஜீவனாம்சம் நின்னுரும்."

"மழையை நிறுத்த ஒருத்தனைக் கட்டணுமா? ஒருத்தனைக் கட்டுனதுலதான் இந்த மழையே வந்துச்சு."

மெர்லின் சிரித்துவிட்டு, விசிறுவதை நிறுத்தினாள். "மூணாவது, மொத்தமா வாங்கிக்கிடுறது. உங்க ஆயுசுக்கும் சேர வேண்டியதை ஒரே நாள்ல. ஆனா அதுக்கு அவர் சம்மதிக்கணும்."

தங்கபுஷ்பம் அன்று மாலையே தவசிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். தெருவில் மற்ற வீட்டு வேலிகளெல்லாம் கோடைமழையில் பச்சையாக இருந்தன. அவன் வீட்டு முற்றம் மட்டும் அப்பளம்போல வெடித்துக் கிடந்தது. தென்னை இரண்டும் மட்டையைத் தொங்கப்போட்டு நின்றன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு தவளை மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"வா" என்றான் தவசிமுத்து. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதன், அவளைக் கண்டதும் நிறையப் பேசினான். "இந்த மாசத்துது வந்துச்சா? அளவு சரியா இருந்துச்சா? மார்ச்சுல எனக்கு ஒரு துளி பெய்யல பாத்துக்கோ. தம்பி வீட்டுக்கு வந்த மழையைக் கைமாத்தா வாங்கித்தான் அனுப்பினேன். அவன் பொண்டாட்டி மொகத்தைத் தூக்கிக்கிட்டா. தூக்கட்டும். ஒரு மாசங்கூட நிறுத்தலல்லா?"

"நிறுத்தல அத்தான்."

"கல்யாணமான புதுசுல ஒரு கொலுசு கேட்ட. அதைத்தான் குடுக்கல."

"ஆமா."

"இதைக் குடுத்துட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக் கால் பாதத்தைக் காட்டினாள். உப்பு அரித்து வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது.

"நான் உப்பு போடுதேன்."

தவசிமுத்து அந்தப் பாதத்தையே பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். "சொல்லவே இல்லையே" என்றான்.

"நீங்க கேக்கல."

"உப்புல மழை பெஞ்சா…"

"கரையும்."

"ஆறு மாசமும்?"

"முத மூணு மாசம் சும்மாதான் கெடந்தேன். அது நல்லா இருந்துச்சு."

அவன் உள்ளே போய் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தான். அரைச் செம்புதான் இருந்தது. மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு இந்த வீட்டின் மேல் ஒரு துளி விழாது என்று அவள் சொன்னாள். அவன் தென்னை இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "குடிக்க லாரித் தண்ணி வரும்" என்றான். அதுதான் சம்மதம்.

நீதிபதியம்மா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "இருபத்தஞ்சு வருஷ மழை. பன்னிரண்டு மீட்டர் வருது. எங்கம்மா வாங்கிக்கிறே? உப்பளத்துலயா?"

"இல்லம்மா. அந்தப் பின்தாழ்வாரத்துலயே வாங்கிக்கிடுதேன். அந்த நாற்காலியை மட்டும் எடுத்துப் போடச் சொல்லுங்க."

"எதிர்மனுதாரருக்கு ஆட்சேபம் உண்டா? வீடு ஊறிப்போகும்."

"நாற்காலில ஒரு கால் ஒடிஞ்சிருக்கு அம்மா" என்றான் தவசிமுத்து. "செங்கல் வச்சுக் குடுத்துருதேன்."

மே மாதம் ஐந்தாம் தேதி நிறைவேற்றுவது என்று முடிவானது. கோர்ட்டு வேலை நேரத்தில்தான் பெய்ய வேண்டும் என்பதால் காலை பத்தரைக்குத் தொடங்கி மாலை ஐந்தே முக்காலுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அமீனா அன்று மொபெட்டை வெளியே நிறுத்திவிட்டு, மாற்றுச் சட்டையும் சாப்பாட்டுத் தூக்கும் கொண்டுவந்திருந்தார். இருபத்தைந்து வருஷத்து மேகமும் தெருவில் இடம் போதாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றது.

மழை இறங்கியது. அதைக் கோடு கோடாகப் பார்க்க முடியவில்லை. ஒரு சுவர் இறங்கியதுபோல இருந்தது. மதில் எல்லையைத் தாண்டி ஒரு துளி போகவில்லை. பதினொரு மணிக்குக் கிணறு நிரம்பி, தவளை வெளியே வந்து முற்றத்தில் நீந்தியது. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஓட்டு உயரத்துக்கு ஏறி, மதில் விளிம்போடு கண்ணாடிபோல நிமிர்ந்து நின்றது. தாழ்வாரம் மட்டும் காய்ந்தே இருந்தது. உத்தரவில் 'பார்ப்பதற்கு' என்றுதான் இருந்தது, நனைவதற்கு என்று இல்லை. தங்கபுஷ்பம் செங்கல் முட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஐம்பதாவது வயதின் மழையும் அறுபதாவது வயதின் மழையும் அவள் எதிரே கலந்து பெய்தன. அறுபதுக்கு மேற்பட்டது கொஞ்சம் மெதுவாக இறங்கியது.

ஒன்றரை மணிக்கு உணவு இடைவேளை. அமீனா கையைத் தூக்கினார். பெய்துகொண்டிருந்த துளிகள் இருந்த இடத்திலேயே நின்றன. அத்தனையும் காற்றில் தொங்க, தெரு ஓய்ந்து காதடைத்தது. அமீனா தூக்கைத் திறந்துகொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

தவசிமுத்து கஞ்சியும் காணப்பயற்றுத் துவையலும் கொண்டுவந்தான். இருவரும் தாழ்வாரத்துத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"துவையல்ல உப்பு கம்மி" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீ போடு. நீதான உப்புக்காரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அத்தான், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வருஷம் பூரா நொடிக்கொரு தரம் ஏளா ஏளான்னு கூப்பிடுவிய. மழை பெய்யும்போது மட்டும் ஏன் என்னைய விட்டுட்டிய?"

தவசிமுத்து கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"விடலையே. கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எப்போ?"

"எப்பவும். மழைச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

"பத்தொம்பது வருஷமுமா?"

"பத்தொம்பது வருஷமும்."

"எதுக்குக் கூப்பிட்டிய?"

காற்றில் நின்ற துளி ஒன்று அவன் தோளுக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. "டீ கேட்டிருப்பேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "சும்மாவும் இருக்கும்" என்றான்.

மூலையிலிருந்து அமீனா, "மோர் மிச்சம் இருக்கா அண்ணாச்சி?" என்றார். இருந்தது.

இரண்டே காலுக்கு அமீனா கையை இறக்கினார். மழை விட்ட துளியிலிருந்து தொடர்ந்தது. தங்கபுஷ்பம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். அடுக்களைக் கதவோரம் தவசிமுத்து நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மழையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவளுக்குச் சேர வேண்டியது. ஐந்தே முக்கால் வரை உட்கார்ந்திருந்து ஒரு துளி விடாமல் பார்த்தாள்.

முடிந்ததும் அமீனா மழைமானியைப் பார்த்து, பன்னிரண்டு மீட்டர் சரியாக இருக்கிறது என்று எழுதினார். 'முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி எதுவும் இல்லை' என்று தங்கபுஷ்பம் கையெழுத்திட்டாள். தண்ணீர் மதிலிலிருந்து இறங்கி, தெருச் சாக்கடை வழியாக வரிசையாகக் கடலுக்குப் போயிற்று. தவளையும் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் பாத்திகளின் மேல் ஒரு துளி விழவில்லை. ஊருக்குப் பெய்த கோடைமழைகூட அவள் கரையோரம் வந்து, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. ஜூன் இருபதாம் தேதி எட்டுப் பாத்தியிலும் உப்பு பூத்தது. இருபத்தாறாம் தேதி வாரிக் குவித்தாள். சங்கத்திலிருந்து வந்து பார்த்தவர் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்து, "உப்புதான்" என்று சொல்லிவிட்டு அவள் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார்.

ஜூலையில் அமீனா மறுபடி வந்தார். பின்னால் மேகம் இல்லை. சம்மன் மட்டும் இருந்தது. இந்த முறை தவசிமுத்து மனுதாரர். சம்பாதிக்கிற மனைவியிடம் புருஷனும் ஜீவனாம்சம் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள் மெர்லின்.

கோர்ட்டில் தவசிமுத்துவைப் பார்த்ததும் தங்கபுஷ்பத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் நின்ற இடத்தில் சின்னக் குட்டை தேங்கியிருந்தது. சட்டைக் காலரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வீடு காயவே இல்லை, அவனும் காயவில்லை. ரேஷன் அட்டையில் அவன் பெயர் ஊறி, பக்கத்து வரிக்குப் பரவிவிட்டது. தட்டச்சர் தன் இயந்திரத்தை அவனிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்.

நீதிபதியம்மா அதே கேள்வியைக் கேட்டார். "கல்யாண வாழ்க்கையில நீங்க அனுபவிச்சது, இப்போ இல்லாதது, என்ன?"

தவசிமுத்து மூக்கு நுனியில் நின்ற துளியைத் துடைத்துக்கொண்டான்.

"மத்தியானம் கொடியில காஞ்ச துணியை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள வருவா அம்மா. என்னையத் தாண்டித்தான் போகணும். தாண்டும்போது துணியில ஒரு வெயில் வாசம் வரும். சூடாவும் இருக்கும். அதுக்காவவே வழியில உக்காந்திருப்பேன்."

"வழியில ஏன் குத்தவச்சிருக்கியன்னு நான் ஏசுவேம்மா" என்றாள் தங்கபுஷ்பம்.

"எதிர்மனுதாரர் கேட்கும்போது பேசினாப் போதும்" என்றார் நீதிபதியம்மா. பிறகு, "வெயில்" என்று தட்டச்சரிடம் சொன்னார். "மாசம் ஒரு கொடி. எதிர்மனுதாரரிடம் இருக்கா?"

தங்கபுஷ்பம் தன் எட்டுச் சதுரத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒரு கொடி வெயில் என்றால் ஒரு பாத்தி. அந்த மாதம் அதில் உப்பு விளையாது.

"ஏழு போதும்" என்றாள்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, உச்சி வேளையில் அமீனா வந்தார். ரசீதை மொபெட் இருக்கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தங்கபுஷ்பம் ஆறாவது பாத்தியின் கரையில் குனிந்து, வெயிலை ஒரு ஓரத்திலிருந்து உரித்து, சேலை மடிப்பதுபோல நீளவாக்கில் நாலாக மடித்தாள். கொதித்தது. ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அமீனா நீட்டிய கறுப்புக் குடைக்குள் வைத்தாள். அவர் குடையை மடக்கி, பித்தானைப் போட்டு, கேரியரில் கிடத்திக் கயிறு கட்டினார்.

"கசங்காமக் குடுங்க அண்ணாச்சி. அவ்வொ வழியிலதான் உக்காந்திருப்பாவ. தாண்டிப் போங்க."

"தாண்டிப் போவணும்னும் உத்தரவுல எழுதியிருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு அமீனா மொபெட்டை உதைத்தார்.

வேகத்தடையில் குடை ஒரு குலுங்கு குலுங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஏழு பாத்தி வெள்ளையாகத் தகித்தது. வெயில் உரித்த ஆறாவது பாத்திக்கு மேலே மட்டும் இருட்டாக இருந்தது, தண்ணீரில் நட்சத்திரங்கள் விழுந்து கிடந்தன. தங்கபுஷ்பம் அதன் கரையில் உப்பு இழுக்கும் பலகையை ஒருமுறை நன்றாகக் கழுவினாள். நட்சத்திரம் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஏழாவது பாத்தியில் உப்பு வாரப் போனாள்.